கையை விட்ட இடத்தில் ஒரு சாமி

ஓடுகிற பைக்கில் இரண்டு கையையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது தப்பு. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். பாடம் எடுப்பது என் வேலை. கல்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். நிலைமம், உராய்வு, ஈர்ப்பு மையம் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தெரிந்தேதான் கையை விட்டேன். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பள்ளிக்கூடம் நடந்த நாளெல்லாம், கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம்.

ஏன் விட்டாய் என்று கேட்பவர்கள் ஒரு தடவை சாயங்காலத்தில் வெள்ளிமலையிலிருந்து பைக்கில் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். வளைவுக்கு வளைவு கிளட்ச்சைப் பிடி, பிரேக்கைப் பிடி, எதிரே மரவள்ளிக்கிழங்கு லாரி வந்தால் ஓரத்து மண்ணில் காலை ஊன்றி நில், லாரிக்காரர் முறைத்தால் நீயும் முறை, மறுபடி கிளட்ச்சைப் பிடி. மலை இறங்கி கோமுகி அணைக்குப் பக்கத்தில் வந்து சேரும்போது பத்து விரலும் என்னுடையவைதானா என்று சந்தேகம் வந்துவிடும். அணையைத் தாண்டியதும் கச்சிராயபாளையம் போகிற சாலை நேராகிவிடும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் ஆளை மறைக்கும் கரும்பு. பார்த்தால் தெரியாத, வண்டிக்கு மட்டுமே தெரிகிற ஒரு சின்ன இறக்கம். அந்த இடத்துக்கு வந்தால் என் கை என் பேச்சைக் கேட்காது.

பைக் சைக்கிள் மாதிரி இல்லை. ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி சோர்ந்துபோய் இழுக்க ஆரம்பிக்கும். அதனால் இறக்கம் தொடங்கும் இடத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, முதுகை நிமிர்த்தி, முழங்காலால் டேங்கை லேசாக அணைத்துக்கொண்டு, முதலில் இடது கை, அப்புறம் வலது கை. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். காற்று இரண்டு உள்ளங்கையிலும் வந்து உட்காரும். அன்றைக்கு முழுக்க எட்டாம் வகுப்பு என்னைப் படுத்திய பாடெல்லாம் பத்து எண்ணுவதற்குள் போய்விடும். என் சாதனை முப்பத்திரண்டு. இதை இதுவரை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

இந்த வித்தை பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் வந்தது. ரெட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன். ரிப்பன் அவிழ்ந்தபடி போனால் வாசலிலேயே நிறுத்தி மானத்தை வாங்குவதற்கென்று ஒரு பி.டி. டீச்சர் இருந்தார். இறங்கி நின்று கட்டினால் பெல் அடித்துவிடும். ஆகவே ஓடுகிற சைக்கிளிலேயே இரண்டு கையாலும் ரிப்பன் கட்டப் பழகினேன். பூ வைக்கவும் பழகினேன். என் தோழி ஒருத்தி பழகப் போய் முள்வேலியில் விழுந்தாள். அவளுக்கு ரிப்பன் கட்டத் தெரியாது, அதுதான் காரணம்.

பைக் அப்பாவுடையது. அப்பா கரும்பு விவசாயி. வரப்பில் வழுக்கி விழுந்து இடது தோள்பட்டை இறங்கினதிலிருந்து அவருக்குக் கியர் வண்டி ஒத்துவரவில்லை, ஒரு மொபெட் வாங்கிக்கொண்டார். மொபெட் மலை ஏறாது. பைக் ஏறும். எனக்கோ மலையில் வேலை. காலைப் பேருந்து நான் வேலை பார்க்கும் ஊருக்கு வந்து சேர்வதற்குள் பள்ளியில் இரண்டாவது பீரியட் ஆரம்பித்துவிடும். முதல் வருஷம் மேலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினேன். நாலரை மணிக்குப் பள்ளி விட்டால், மறுநாள் காலை ஒன்பது வரைக்கும் நானும் ஒரு பல்லியும்தான். வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வருவேன். திங்கட்கிழமை கிளம்பும்போது அம்மா அழுவாள், நான் சிடுசிடுப்பேன், அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். எங்கள் மாட்டுக்குத் திங்கட்கிழமைகளில் மட்டும் அவ்வளவு தாகம்.

அப்படி ஒரு திங்கட்கிழமைதான் அப்பா சாவியை எடுத்து என் முன்னால் ஆட்டினார்.

"எடுத்துக்கோ பாப்பா. தெனம் போய்ட்டு தெனம் வூட்டுக்கு வந்துடு. ஆனா ஒண்ணு. கைய வுட்டு ஓட்னன்னு எவனாச்சும் என்கிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னான்னு வையி, அன்னிக்கே சாவி என் கைக்கு வந்துடணும். அப்பறம் நீயாச்சு, உன் ரூமாச்சு."

"கைய வுட்டு எதுக்குப்பா ஓட்டப் போறேன்?" என்றேன். எவ்வளவு அழகாகக் கேட்டேன் என்று இப்போது நினைத்தாலும் எனக்கே பெருமையாக இருக்கிறது.

ஹெல்மெட், வேகம், குடித்துவிட்டு வருகிறவர்கள் என்று உலகத்தில் பயப்பட எவ்வளவோ இருக்க, அப்பா ஏன் குறிப்பாக இதைச் சொன்னார் என்றால், அதற்கு ஒரு வரலாறு உண்டு. கல்யாணமான மூன்றாம் நாள், மறுவீட்டுக்குப் போகும்போது, இரவல் வாங்கிய பைக்கில் புதுப் பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விட்டு மீசையை முறுக்கிக் காட்டியிருக்கிறார் மனுஷன். இடது கையால் இடது மீசை, வலது கையால் வலது மீசை. வண்டி நேராகப் போய் நாற்று நட்ட வயலில் படுத்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் வயல்காரர் விடவில்லை. மிதிபட்ட நாற்றையெல்லாம் திரும்ப நட்டுவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா நாற்று நட்டாள், பட்டு வேட்டியோடு அப்பா நாற்று நட்டார். இந்தக் கதையை அம்மா எத்தனை தடவை சொன்னாலும் கடைசியில், "மூணு நாளு கூட கட்டலடி அந்தப் பொடவைய" என்றுதான் முடிப்பாள்.

ஆகவே சாவி என்பது எங்கள் வீட்டில் வெறும் சாவி இல்லை. அது போனால் எனக்குப் பல்லியோடு குடித்தனம். இதெல்லாம் தெரிந்திருந்தும் அந்த நேர்ச்சாலை வந்ததும் கையை விட்டேன். புத்தி இருந்ததா என்று கேட்டால், இருந்தது, கையில் இல்லை.

அன்று வியாழக்கிழமை. நான் பதினேழு எண்ணியிருந்தேன். எதிரே டவுன் பஸ் வந்தது. வழக்கமாக அந்த நேரத்துக்கு அது அணைக்குப் போய்த் திரும்பியிருக்கும். அன்றைக்குத் தாமதம் போலிருக்கிறது. படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டர் சாய்ந்து நின்றார். எங்கள் ஊர்ப்பக்கம் அவருக்குத் தெரியாதவர்கள் இல்லை. அப்பாவை "மாமா" என்று கூப்பிடுகிறவர். அவர் கண் நேராக என் கையில் வந்து நின்றது. என் இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன.

டபக்கென்று ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் அது ஒப்புதல் வாக்குமூலம். வேறு என்ன செய்வது? வெறும் கைக்கு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும். எங்கள் பக்கத்தில் வண்டியில் போகிறவர்கள் கோயிலைக் கண்டால் ஒரு கையை எடுத்து நெஞ்சைத் தொட்டு உதட்டைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டே போவார்கள். எனக்கு எப்படித்தான் தோன்றியதோ, சாலை ஓரமாக முகத்தைத் திருப்பி, இரண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போட்டேன். கண்ணைக்கூட மூடினேன். இந்தக் கண் மூடியதற்குத்தான் என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. பஸ் விருட்டென்று கடந்து போனது. கண்ணைத் திறந்து, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, நான் எதைக் கும்பிட்டேன் என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு வேப்பங்கன்று. அதன் அடியில் எண் அழிந்துபோய்ப் பாதி மண்ணில் புதைந்த பழைய மைல் கல்.

அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்டக்டர் கடைசி டிரிப் முடித்து எந்நேரமும் வந்து சொல்லலாம். அப்பாவும் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். நேராகக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் சோப்பு போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். பிறகு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"வண்டி நல்லா ஓடுதா பாப்பா?"

"ஓடுதுப்பா."

"பிரேக்கு?"

"புடிக்குதுப்பா."

"ம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அப்பாடா, இன்னும் சேதி வரவில்லை என்று நான் இரண்டாவது தடவை ரசம் ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை போகும்போது பார்க்கிறேன், மைல் கல் முழுக்க மஞ்சள். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. மேலே நாலு அரளிப்பூ. வண்டியை நிறுத்திவிட்டேன். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. கண்டக்டர் வேலைதான் என்று நினைத்தேன். ஆள் வைத்துப் பூசியிருப்பார், அவ்வளவு பக்தி என்று தலையில் அடித்துக்கொண்டு மலை ஏறினேன்.

கண்டக்டரோ அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு, நேற்று டீச்சர் கும்பிட்டது இதைத்தான் என்று முடிவு கட்டிவிட்டார். அன்றைய முதல் டிரிப்பிலிருந்தே ஆரம்பித்துவிட்டார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து அணை வரை டிக்கெட்டோடு சேர்த்து என் கதையையும் கிழித்துக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். சனிக்கிழமை கச்சிராயபாளையம் கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் பஸ்ஸை விட்டு இறங்கியே வந்தார்.

"டீச்சர், பாத்தேங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேங்க. ரெண்டு கையும் தூக்கி கும்புட்டுக்கினு வர்றீங்க, கண்ணு வேற மூடிக்கினு கீது, வண்டி ஒரு இம்மி ஆடலங்க! எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. இத்தினி வருசமா அந்த வழியா போய்க்கினு வந்துக்கினு கீறோம், எங்க கண்ணுக்குத் தெரியலையே. இன்னா சாமிங்க அது?"

"அது வந்து... சும்மா, வழித்தொணைக்கு" என்று உளறினேன்.

"வழித்தொணையா! அதானே பாத்தேன்!" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆகக்கூடிச் சாமிக்கு இலாகாவையும் நானே ஒதுக்கிக் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு கல் வளர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் மஞ்சள் துணி கட்டினார்கள். அடுத்த வாரம் எலுமிச்சம்பழம் குத்திய சூலம். அப்புறம் கீற்றுப் பந்தல், கற்பூரத் தட்டு, விளக்கு மாடம். கண்டக்டர் அங்கே ஒரு விசில் கொடுத்து, "டீச்சரம்மா கல்லு எறங்கு!" என்று கூவ ஆரம்பித்தார். அந்த வழியாகத் தினம் போகிற எனக்கு எப்படி இருந்திருக்கும்? என்னைப் பார்த்துவிட்டால் பந்தலில் இருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். நான் கையை விட முடியாது, விட்டால் அது அற்புதம். விடாமல் போகவும் முடியாது, டீச்சரே கும்பிடாமல் போகிறாளே என்பார்கள். வேகத்தைக் குறைத்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடுவேன். ஒன்றரை வருஷமாக எனக்கென்றிருந்த ஒரே சந்தோஷத்தை ஒரு மைல் கல் வந்து பிடுங்கிக்கொண்டது.

சேதி மலைக்கும் ஏறிவிட்டது. நிலைமம் நடத்திக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், நீங்க கைய வுட்டா சாமி வண்டிய புடிச்சிக்குதாமே?" என்று கேட்டாள். வகுப்பே என் வாயைப் பார்த்தது. இயங்கிக்கொண்டிருக்கும் பொருள் ஏன் தொடர்ந்து இயங்குகிறது என்று கரும்பலகையில் அப்போதுதான் எழுதி முடித்திருந்தேன். "அதை நாளைக்குப் பார்ப்போம்" என்றேன். என் வேலையில் நான் வெட்கப்பட்ட நாள் என்று சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் இரண்டு கையையும் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வழித்துணைச் சாமிக்கு ஒற்றைக் கைக் கும்பிடு செல்லாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். பின்னால் பெண்டாட்டி பிள்ளையோடு போகிறவர்கள்கூட எடுத்தார்கள். ஆனி மாதக் கடைசியில் பால்காரர் ஒருவர், இரண்டு பக்கமும் கேன் தொங்கும் வண்டியில் வந்து இரண்டு கையையும் எடுத்தார். ஆள் புதருக்குள் விழுந்தார், வண்டி கல்லுக்கு முன்னால் விழுந்தது, அத்தனை பாலும் கல்லின்மேல். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? சாமி பாலாபிஷேகம் கேட்டு வாங்கிக்கொண்டதாம்!

என்னால் சிரிக்க முடியவில்லை. இன்றைக்குப் பால், நாளைக்கு என்ன? நேராகக் கண்டக்டரிடம் போனேன். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. அது சாமி இல்ல. மைல் கல்லு. நான் சும்மா கைய வுட்டு ஓட்டிக்கினு வந்தேன். உங்களப் பாத்ததும் பயந்துபோய்க் கும்புட்டேன்."

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கனிவோடு பார்த்தார். "படிச்சவங்க இப்டித்தாங்க. பெரும அடிச்சிக்க மாட்டீங்க. தெரியும் டீச்சர், வுடுங்க."

உண்மையைச் சொல்லி ஒருவரை நம்பவைக்க முடியாமல் போனது எனக்கு அதுதான் முதல் தடவை. மிச்சம் இருந்தது ஒரே ஒருவர், அப்பா. அவர் எழுந்து நின்று சொன்னால் ஊர் கேட்கும். ஆனால் அவரிடம் சொல்வதென்றால் சாவியையும் கூடவே நீட்ட வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வாரம் தள்ளினேன். அப்பாவோ வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கல்லுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார். கோயில் குளம் என்று பெரிதாகப் போகாத மனுஷன் என் பொய்யைக் கும்பிட்டுவிட்டு வந்து எனக்கு நெற்றியில் குங்குமம் வைத்தபோது உள்ளுக்குள் குறுகிப்போனேன்.

ஆடி ஞாயிற்றுக்கிழமை அம்மா கல்லுக்குக் கூழ் ஊற்ற வேண்டும் என்று கிளம்பினாள். அப்பா மொபெட்டில் முன்னால், அம்மா மடியில் கூழ்க் குண்டானோடு அவர் பின்னால். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் இருந்த தூக்குவாளியை மாட்டிக்கொண்டு பைக்கில் நான் அவர்களுக்கும் பின்னால். கச்சிராயபாளையம் தாண்டி கரும்புக்காட்டுக்கு நடுவே போனோம். பந்தல் தூரத்தில் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் போன ஒருவர் பந்தல் பக்கத்தில் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் அப்பா. ஒரு தோள் சரியில்லாத அப்பா. மடியில் குண்டானோடு அம்மா. பந்தல் நெருங்க நெருங்க அப்பாவின் வலது கை ஹேண்டில்பாரை விட்டு மேலே எழுந்தது.

"அப்பா! கைய வுடாத! அது சாமி இல்ல! கைய வுடாதப்பா!"

நான் போட்ட சத்தத்தில் மொபெட் ஒரு குலுக்கல் குலுக்கி நின்றது. குண்டானிலிருந்து கூழ் தளும்பி அம்மாவின் புடவையில் கொட்டியது. அப்பா தோளில் நழுவிய துண்டைச் சரிசெய்யத்தான் கையைத் தூக்கியிருக்கிறார். அம்மா இறங்கி நின்று புடவையைப் பார்த்தாள். "இந்தாளு கூட வண்டில ஏறுனா என் பொடவைக்கு ஒரு நாளும் நல்லது நடக்காது" என்றாள்.

நான் வண்டியை ஸ்டாண்ட் போடக்கூட இல்லை. அதைக் கையில் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றரை வருஷம், பதினேழு, முப்பத்திரண்டு, பஸ், கண்டக்டர், கண்ணை மூடியது எல்லாம். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. "என்னாலதான்ப்பா எல்லாரும் கைய வுடறாங்க. யாராச்சும் செத்துடுவாங்கப்பா" என்றேன். சாவியைப் பிடுங்கி அவர் முன்னால் நீட்டினேன்.

அப்பா சாவியை வாங்கிக்கொண்டார். வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"தெரியும் பாப்பா."

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கி நான் தோ, அங்க கீறேன்" என்று கரும்புக்காட்டு வரப்பைக் காட்டினார். "நடறதுக்குக் கரும்புக் கரணை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நம்ம வண்டி சத்தமாச்சேன்னு எட்டிப் பாக்கறேன், ரெண்டு கையும் மேல. எனக்கு உயிரே இல்ல. கூப்புடலாம்னா, கூப்ட்டா திரும்புவ, திரும்புனா வுழுவ. அப்டியே நின்னுட்டேன். அப்பறம் பஸ்ஸு வந்துச்சி, நீ கும்புட்ட, போய்ட்ட. நான் ரோட்டுக்கு ஏறி வந்து இந்தக் கல்லப் பாத்தேன்."

"அப்ப ஏன்ப்பா சாவிய கேக்கல?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டா நீ குடுத்துட்டு மேல போயிருப்ப. அந்த ஒரு வருசம் நீ அங்க இருந்தியே, நம்ம வூடு வூடாவா இருந்துச்சி? கேக்காம வுட்டா நீ வுழுந்துடுவ. நான் இன்னாதான் பண்றது? நீ எதப் பாத்து கும்புட்டியோ அதையே புடிச்சிக்கலாம்னு கடைக்குப் போயி மஞ்சளு குங்குமம் வாங்கியாந்தேன். நீ சும்மா கும்புட்ட. நான் நெசமாவே கும்புட்டுட்டேன்."

குழாயடியில் அவர் அன்று வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து பிரேக் பிடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அம்மாவுக்குத்தான் முதலில் தெளிவு வந்தது. "சரி, அழுவறத வுடு. ஊரு ஜனம் கைய வுடறத எப்டி நிறுத்தறது, அதச் சொல்லு. சாமி உன் கனவுல வந்து, எறங்கிதான் கும்புடணும், ஓட்டிக்கினு கும்புட்டா ஏத்துக்க மாட்டேன்னு சொல்லிச்சின்னு கண்டக்டர்கிட்ட சொல்லிடு."

"அம்மா, நான் அறிவியல் டீச்சர்மா!"

"கல்ல கும்புட்டப்போ இன்னா டீச்சரு?"

கனவு வந்ததாக மட்டும் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். கடைசியில், வண்டியை நிறுத்தி இறங்கி வந்து கும்பிடவும் என்று ஒரு பலகையில் நான் எழுதி வைப்பது, கனவு சம்பந்தமாக அம்மாவே கண்டக்டரிடம் பேசிக்கொள்வது என்று முடிவானது. அவள் என்ன பேசினாளோ நான் கேட்கவில்லை. இப்போது அங்கே எல்லாரும் இறங்கித்தான் கும்பிடுகிறார்கள்.

மிச்சம் இருந்த கூழை ஊற்றிப் படைத்தோம். அப்பா கற்பூரம் ஏற்றினார். சாவியைக் கல்லின்மேல் வைத்து எடுத்து, கட்டைவிரலால் அதில் குங்குமம் இட்டார். அது அவர் சட்டைப்பைக்குள் போய்விடும் என்று நினைத்தேன். அறையில் அந்தப் பல்லி இன்னும் இருக்குமா என்றுகூட நினைத்துப் பார்த்துவிட்டேன். அப்பா என் பக்கம் திரும்பி அதை நீட்டினார். நான் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மற்ற கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"ரெண்டு கையால வாங்கு" என்றார்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா மொபெட்டில் முன்னால் மெதுவாகப் போனார். நான் பின்னால் போனேன். அம்மா வழி முழுக்கத் திரும்பித் திரும்பி என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.